உங்களுக்குத் தெரியுமா? இழுத்தால் எடை கூடும் இழை

பொருளைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது புள்ளி அல்ல, அதிரும் மெல்லிய இழை என்கிறது இழைக் கோட்பாடு. ஆய்வகத்தில் இன்னும் நிரூபணமாகாத கோட்பாடு இது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நீளத்துக்கும் ஆற்றலுக்கும் இடையில் அது போட்ட முடிச்சு வெறும் கற்பனை இல்லை. அந்த முடிச்சின் ஒரு முனை புரோட்டான் மோதல்களில் இன்றும் தினப்படி வேலை பார்க்கிறது. இன்னொரு முனை, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு குமாஸ்தாவின் கடிதம் வரை நீள்கிறது.

ரப்பர் பேண்ட் வேறு, இழை வேறு

ரப்பர் பேண்டை இழுக்க இழுக்க விரல் வலிக்கும். இரண்டு மடங்கு இழுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை வேண்டும். அதில் சேரும் ஆற்றல் நான்கு மடங்காகும். இழைக் கோட்பாட்டின் இழைக்கு அந்தக் குணம் கிடையாது. கொஞ்சம் இழுத்தாலும் ஆயிரம் மடங்கு இழுத்தாலும் அது திருப்பி இழுக்கும் விசை மாறாது. எனவே கணக்கு ஒரே வரி: ஆற்றல் என்பது இழுவிசையை நீளத்தால் பெருக்கினால் வருவது. நீளம் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டதால், நீண்ட இழை கனமான இழை.

இழுத்தாலும் மெலியாது

கம்பியை இழுத்தால் மெலிகிறது. அதற்குள் இருக்கும் அணுக்கள் விலகுகின்றன. இந்த இழைக்குள் அணு ஏது? இழுப்பவர் செலவிட்ட உழைப்பு அப்படியே புது இழையாகிவிடுகிறது. புதிதாக வந்த துண்டுக்கும் பழைய துண்டுக்கும் எந்த வித்தியாசமும் இருக்காது.

வீணைத் தந்தியில் இழுவிசை வேறு, ஒரு மீட்டருக்கு எவ்வளவு நிறை என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். இங்கே இழுவிசையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் மீட்டருக்கான நிறை. அதை அலைவேகச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இழையில் ஓடும் அலை எப்போதும் ஒளியின் வேகத்தில்தான் ஓடும். இன்னொரு விளைவும் உண்டு. இழையின் மேல் 'இது இந்த இடம்' என்று அடையாளம் வைக்க எதுவும் இல்லாததால், நீளவாக்கில் அதிர்வு என்ற பேச்சே இல்லை. குறுக்கு அதிர்வுகள் மட்டும்தான்.

வெண்டோவரில் நின்றுபோன கார்

1968-இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது, இத்தாலியரான கேப்ரியேல வெனிசியானோ அணுக்கருத் துகள்கள் மோதிச் சிதறும் விதத்துக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். வயது 25. சூத்திரத்தின் உயிர்நாடி 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதிவைத்த பீட்டா சார்பு. பொருத்தம் நன்றாக இருந்தது. ஏன் பொருந்துகிறது என்பதுதான் புரியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சிகாகோவில் யோய்சிரோ நாம்பு, நியூயார்க்கில் லெனார்ட் சஸ்கிண்ட், கோபன்ஹேகனில் ஹோல்கர் பெக் நீல்சன் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள்: அந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருப்பது அதிரும் இழை.

1970 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் ஒரு கூட்டம். அதற்காக நாம்பு உரைக்குறிப்பு தயாரித்திருந்தார். குடும்பத்தைக் கலிஃபோர்னியாவில் நண்பர்கள் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறுவதாகத் திட்டம். வழியில் பெரிய உப்புப் பாலைவனத்தில் கார் பழுதாகி, வெண்டோவர் என்ற சிற்றூரில் மூன்று நாள் மாட்டிக்கொண்டார்கள். விமானம் போயிற்று, கூட்டமும் போயிற்று. குறிப்பு மட்டும் கைக்குக் கை மாறிப் பரவியது. அதிலிருந்த கருத்து: இழை நகரும்போது காலவெளியில் ஒரு பரப்பை விரித்துக்கொண்டே போகிறது, அந்தப் பரப்பை இழுவிசையால் பெருக்கினால் இழையின் இயக்கவிதி முழுவதும் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு ஜப்பானில் தெட்சுவோ கோட்டோவும் இதையே எழுதினார். இன்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாம்புவுக்கு 2008-இல் நோபல் கிடைத்தது. அது வேறொரு வேலைக்காக.

ஒரு துகளுக்குள் 15 டன்

ரோ மேசான், ஏ-2 மேசான், ரோ-3 மேசான் என்று மூன்று துகள்கள். தற்சுழற்சி முறையே 1, 2, 3. அவற்றின் நிறைகளை ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் எடுத்து வர்க்கப்படுத்தினால் 0.6, 1.7, 2.9 என்று வருகின்றன. படியேறுவதுபோல் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஏறக்குறைய 1.1. வரைபடத்தில் போட்டால் நேர்கோடு. இத்தாலிய இயற்பியலாளர் துல்லியோ ரெஜ்ஜேயின் பெயரால் வழங்கும் இந்தக் கோடுகளை 1960-களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஏன் நேர்கோடு என்பதற்கு இழைதான் காரணம் சொன்னது. சுழலும் இழையின் ஆற்றல் நீளத்தைப் பொறுத்தது; கோண உந்தமோ ஆற்றல், நீளம் இரண்டையும் பொறுத்தது. ஆகவே கோண உந்தம் ஆற்றலின் வர்க்கத்தோடு போகிறது. வேறு எதையும் சேர்க்காமல் நேர்கோடு வந்துவிடுகிறது.

கோட்டின் சாய்விலிருந்து இழுவிசையைக் கணக்கிடலாம். ஒரு ஃபெர்மி நீளத்துக்கு, அதாவது 10⁻¹⁵ மீட்டருக்கு, சுமார் 0.9 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். நம் அளவில் சொன்னால் சுமார் 1,40,000 நியூட்டன். 15 டன் எடையைத் தொங்கவிடும் விசை. ஒரு புரோட்டானின் குறுக்களவுக்குள் அடங்குகிற ஒன்று அந்த விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஃபெர்மி இழையைத் தனியே எடுத்து நிறுத்துப்பார்க்க முடிந்தால், அதன் நிறை ஏறக்குறைய ஒரு புரோட்டானின் நிறை.

நுனிக்கு ஒளிவேகம்

நேராக நின்று சுழலும் திறந்த இழையின் இரு முனைகளும் ஒளியின் வேகத்தில் ஓடியாக வேண்டும். சுழற்சி ஆற்றலையும் சேர்ப்பதால், சும்மா இருக்கும் இழையைவிட இதன் ஆற்றல் கூடுதல்: இழுவிசை, நீளம் இரண்டின் பெருக்கற்பலனைப் போல 'பை'-இல் பாதி மடங்கு, சுமார் 1.57. நீளம் கூடினாலும் முனையின் வேகம் கூட வழியில்லை. எனவே பெரிய இழை மெதுவாகச் சுற்றும்.

குவார்க்கைத் தனியே பிடிக்க முடியாததேன்?

மேசானுக்குள் இழையின் இரு முனைகளிலும் இருப்பவை குவார்க் எனும் துகள்கள். அவற்றைப் பிரிக்க முயன்றால் நடுவிலுள்ள இழை நீள்கிறது. விசை தளர்வதில்லை. நீளத்தோடு ஆற்றலும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் இழையில் சேர்ந்திருக்கும் ஆற்றல், புதிதாக ஒரு குவார்க்–எதிர்க்குவார்க் இணையைப் பிறப்பிக்கப் போதுமானதாகிவிடும். இழை அறுகிறது, அறுந்த இரு முனைகளிலும் புதுக் குவார்க்குகள் உட்கார்ந்துகொள்கின்றன. பிரிக்கப்போனவருக்குக் கிடைப்பது இரண்டு மேசான்கள்.

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் 1970-களின் இறுதியிலிருந்து இதை ஒரு கணிப்பு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அதன் மேல் எழுந்த பித்தியா என்ற கணினி நிரல், செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் மோதலுக்குப் பின் துகள்கள் எப்படிப் பீறிடும் என்று கணிக்க இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இழைக் கோட்பாட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எளிய, பழைய, அடக்கமான இழையைத்தான். பதினொரு பரிமாணமெல்லாம் அப்புறம்.

வேலை போன கோட்பாட்டுக்குப் பதவி உயர்வு

1973-இல் குவாண்டம் நிறவியக்கவியல் வந்தது. அணுக்கருவின் வலுவிசையை விளக்க அதுவே சரியான கோட்பாடு என்று தெரிந்ததும் இழை ஓரங்கட்டப்பட்டது. இழைக் கணக்கில் தற்சுழற்சி 2, நிறை பூஜ்யம் என்று ஒரு துகள் விடாமல் தலைகாட்டியதும் பெருந்தொல்லை. அணுக்கருவுக்குள் அப்படி எதுவும் கிடையாது. 1974-இல் ஜோயல் ஷெர்க், ஜான் ஷ்வார்ஸ் இருவரும், ஜப்பானில் தமியாகி யோனேயாவும் தொல்லையையே துருப்பாக்கினார்கள். அந்தத் துகள் ஈர்ப்புவிசையின் கிராவிட்டான் என்றால்?

அப்படியானால் இழையின் அளவை மாற்ற வேண்டும். 10⁻¹⁵ மீட்டரிலிருந்து 10⁻³⁴ மீட்டர் வாக்கில் சுருக்க வேண்டும். இழுவிசை, இழையின் இயல்பு நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். நீளம் 19 இலக்கம் சுருங்கினால் இழுவிசை 38 இலக்கம் ஏறும். இழையின் நீளம் பிளாங்க் நீளமேதான் என்று வைத்துக்கொண்டால் விசை 10⁴³ நியூட்டனைத் தாண்டும். பழைய 15 டன் விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

543 யூனிட்

1899-இல் மாக்ஸ் பிளாங்க் ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, தன் பெயரில் வழங்கப்போகும் மாறிலி மூன்றையும் கோத்து இயற்கையின் சொந்த அளவுகளை எழுதினார். பிளாங்க் நீளம் 1.6 × 10⁻³⁵ மீட்டர். பிளாங்க் ஆற்றல் சுமார் 196 கோடி ஜூல். மிரள வேண்டாம், மின்வாரியக் கணக்கில் அது 543 யூனிட்தான். ஏசி ஓடும் வீட்டின் இரண்டு மாதப் பில்லில் வரக்கூடிய அளவு. அத்தனையையும் ஒரே ஒரு துகளுக்குள் திணிப்பதுதான் கஷ்டம். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஹாட்ரான் மோதுவி ஒரு புரோட்டானுக்குத் தரும் ஆற்றல் ஒரு மைக்ரோ ஜூலுக்குச் சற்று மேல்.

துறைமுகக் குமாஸ்தாவின் கழித்தல் குறி

1913 பிப்ரவரி 27 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன் இரண்டாவது கடிதத்தை எழுதினார். 1, 2, 3, 4 என்று எல்லா இயல் எண்களையும் கூட்டினால், தன் முறைப்படி கழித்தல் 1/12 வரும் என்ற செய்தி அதில் இருந்தது. ஆய்லரும் இந்த முடிவுக்கு வந்திருந்தார். ராமானுஜன் சொந்த வழியில் வந்து சேர்ந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்.

இழைக்கு வாருங்கள். இரு முனை கட்டிய இழை அடிப்படை அதிர்வெண்ணிலும், அதன் 2, 3, 4 மடங்குகளிலும் அதிரும். குவாண்டம் விதிப்படி ஒவ்வோர் அதிர்வும் சும்மா இருக்கும்போதுகூட அரைப் பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டிருக்கும். மொத்தம் எவ்வளவு? 1, 2, 3, 4 என்று கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். கணக்கை ஒழுங்காகச் செய்தால் கூட்டுத்தொகை இரண்டாகப் பிரிகிறது. முடிவிலியான பகுதி, இழையின் நீளத்துக்கு நேர்விகிதமாக நிற்கிறது. எனவே அது இழுவிசையோடு கலந்து மறைந்துவிடும். மிச்சம் நிற்பது நீளத்துக்குத் தலைகீழான ஒரு சிறு பகுதி. அதன் முன்னால் கழித்தல் 1/12.

நம் உலகில் இழை குறுக்காக அதிர இரண்டு திசைகள் உண்டு. எனவே இழையின் ஆற்றலுக்கு இப்போது இரண்டு உறுப்புகள்: நீளத்தோடு ஏறும் ஒன்று, நீளம் குறையக் குறையப் பெரிதாகிக் கழிபடும் இன்னொன்று. இரண்டாவதற்கு சுவிட்சர்லாந்துக்காரரான மார்ட்டின் லூஷரின் பெயர். 1980-இல் அவர் சிமான்சிக், வைஸ் இருவருடனும் சேர்ந்து இதை எழுதினார். குவார்க் இழையில், ஒரு ஃபெர்மி நீளத்தில், இது மொத்த ஆற்றலில் 5 அல்லது 6 சதவீதம். 2002-இல் லூஷரும் பீட்டர் வைசும் வலுவிசைக் கோட்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, அந்தத் திருத்தம் எதிர்பார்த்தபடியே தெரிந்தது. இழைக் கோட்பாட்டை அவர்கள் கணினியில் புகுத்தவில்லை. குவார்க்குகளைக் கட்டும் புலங்களை மட்டும் போட்டார்கள். எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகப் பிடித்த செய்தி இதுதான்.

சட்டென்று சில

எளிய இழைக் கோட்பாடு முரணின்றி நிற்க 26 பரிமாணங்கள் வேண்டும். 1971-இல் கிளாட் லவ்லேஸ் இதைக் கவனித்தார். இரண்டைக் கழித்தால் குறுக்கு அதிர்வுக்கு 24 திசைகள்.

அந்த 24 திசைகளையும் கழித்தல் 1/12-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் கழித்தல் 1. திறந்த இழையின் அடிமட்ட நிலைக்கு நிறையின் வர்க்கம் எதிர்மறையாகப் போவது இதனால்தான். நிலையற்ற தன்மையின் அடையாளம் அது. மீயிழைக் கோட்பாடு வந்துதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

ஆற்றலை இழுவிசையால் வகுத்தால் நீளம் கிடைக்கும். எனவே இழை உலகில் ஆற்றலை மீட்டரிலேயே அளந்துவிடலாம். 1986-இல் வெனிசியானோ இதைப் பிடித்துக்கொண்டு, இயற்கைக்கு ஒளிவேகம், இழை நீளம் என்று இரண்டே மாறிலிகள் போதும் என்று வாதாடினார். சக விஞ்ஞானிகள் சிலரோடு அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

மறுபடியும் ராமானுஜன்

100 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 19,05,69,292. இத்தகைய எண்ணிக்கை எவ்வளவு விரைவாக ஏறும் என்பதற்கு 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் சூத்திரம் தந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து இழைக்காரர்களுக்கு அது அப்படியே தேவைப்பட்டது. ஓர் இழையிடம் குறிப்பிட்ட ஆற்றலைக் கொடுத்தால் அதை எந்தெந்த அதிர்வுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்பதும் எண்ணைப் பிரிக்கும் கணக்குதானே. 24 திசைகளும் இருப்பதால் எண்ணிக்கை இன்னும் வேகமாக ஏறுகிறது: அடிமட்டத்திலிருந்து 1, 24, 324, 3,200, 25,650.

ஹார்டி–ராமானுஜன் விதி சொல்வது, பிரிவுகளின் எண்ணிக்கை, பிரிக்கப்படும் எண்ணின் வர்க்கமூலத்தை அடுக்காக வைத்து ஏறும் என்பது. இழையில் அந்த எண், அதாவது அதிர்வு மட்டத்தின் எண், ஆற்றலின் வர்க்கத்தோடு போவதால், வர்க்கமூலம் எடுத்தால் ஆற்றலே வந்து நிற்கும். ஆக, நிலைகளின் எண்ணிக்கை ஆற்றலை அடுக்காக வைத்து ஏறுகிறது. இழை நீள நீள, அது எடுக்கக்கூடிய கோலங்கள் அந்த நீளத்துக்கு ஏற்ப அடுக்கேறுகின்றன.

சூடாக்கினால் சூடாகாது

மேலே சொன்ன அடுக்கேற்றத்துக்கு ஒரு விசித்திர விளைவு உண்டு. செர்னில் இருந்த ரோல்ஃப் ஹாகெடோர்ன் 1965-இலேயே, இழை பிறப்பதற்கு முன்பே, துகள் பட்டியலைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டார்: ஒரு வெப்பநிலைக்கு மேல் போக முடியாது. அணுக்கருத் துகள்களுக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி கெல்வின். வரம்பை நெருங்கும்போது மேலும் ஆற்றலை ஊட்டினால் அது வெப்பமாக மாறாது. இழையை நீட்டுவதற்கே போய்விடும். நீண்ட இழைக்கு இருக்க வழிகள் ஏராளம் என்பதால் ஆற்றலுக்கு அங்கே போவதுதான் லாபம்.

அணுக்கரு உலகில் இந்த வரம்பு உண்மையில் ஒரு வாசற்படி. 1975-இல் கபிபோவும் பரிசியும் சுட்டிக்காட்டியபடி, அதற்கு மேல் இழைகள் கரைந்து குவார்க்–குளுவான் குழம்பு உருவாகிறது. ஈர்ப்பு வரை போகும் அடிப்படை இழைகளுக்கு அப்படி ஒரு வாசற்படிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது இன்னும் திறந்த கேள்வி.

ஒரே நீளம், இரண்டு பருமன்

நீளம் வேறு, அடைக்கும் இடம் வேறு. இழையின் இயல்பு நீளத்தைப் போல 10,000 மடங்கு நீண்ட ஓர் இழையை எடுத்துக்கொள்வோம். அது விறைத்து நேராகச் சுழன்றால் சுமார் 6,400 மடங்கு அகலம் பிடிக்கும். ஆனால் அந்த ஆற்றலில் இருக்கும் இழைகளில் பெரும்பாலானவை அப்படி நிற்பதில்லை. திசை தெரியாமல் திரும்பித் திரும்பிச் சுருண்டு கிடக்கும். அப்போது அகலம் நீளத்தின் வர்க்கமூலம்தான், ஏறத்தாழ 100 மடங்கு.

நுண்ணோக்கி பின்வாங்கும் இடம்

சிறியதைப் பார்க்க வேண்டுமானால் பெரிய ஆற்றல் வேண்டும். குவாண்டம் இயற்பியலின் பாலபாடம் இது. ஐயப்பாட்டுக் கொள்கைப்படி நீளமும் ஆற்றலும் தலைகீழ் விகிதம். துகள் முடுக்கிகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகிக்கொண்டே போனதும் இதனால்தான். இன்றைய மோதுவியால் 10⁻¹⁹ மீட்டர் வாக்கில் பார்க்க முடிகிறது.

இழையோ எதிர்த் திசையில் இழுக்கிறது. ஆற்றல் கூடினால் இழை நீளும். இரண்டு விதிகளும் ஒரே பொருளுக்குள் இருந்தால்? 1980-களின் பிற்பகுதியில் டேவிட் கிராஸ், பால் மெண்டே இருவரும் ஒரு பக்கம், அமாட்டி, சியாஃபலோனி, வெனிசியானோ மூவரும் இன்னொரு பக்கம் இதைக் கணக்கிட்டார்கள். ஆற்றலைக் கூட்டக் கூட்ட முதலில் பார்வை கூர்மையாகிறது. இழையின் இயல்பு நீளத்தை எட்டியதும் நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் கூட்டினால், மோதவிட்ட இழையே பெருத்து, படம் மங்கலாகிறது. மோதுவியை இன்னும் பெரிதாகக் கட்டினால் இன்னும் சிறியதைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே எல்லை வருகிறது.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல நூல்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. 1996-இல் டக்ளஸ், கபாத், பூலியோ, ஷென்கர் நால்வரும், இழையை விட்டுவிட்டு டி-பிரேன் எனும் பொருளைக் கொண்டு தடவிப் பார்த்தால் இழை நீளத்துக்கும் கீழே பார்க்க முடியும் என்று காட்டினார்கள். மிகச் சிறிய நீளம் என்பது எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

பெரிய வட்டமும் சிறிய வட்டமும் ஒன்று

வெளியின் ஒரு திசை வட்டமாகச் சுருண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இழை இரண்டு வகையில் ஆற்றலைச் சேர்க்கலாம். வட்டத்தைச் சுற்றி ஓடலாம். வட்டம் சிறிதானால் இதற்கு ஆற்றல் அதிகம். வட்டத்தின் மேல் சுற்றிக்கொண்டு கிடக்கலாம். வட்டம் பெரிதானால் இதற்கு ஆற்றல் அதிகம், இழை நீள்கிறதல்லவா. ஆரம் இழை நீளத்தின் 10 மடங்கு என்றால் ஓட்டத்தின் படி 1/10, சுற்றலின் படி 10. ஆரம் பத்தில் ஒரு பங்கு என்றால் ஓட்டத்தின் படி 10, சுற்றலின் படி 1/10. ஆற்றல் பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால், அது எந்த வட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. 1984-இல் கிக்காவாவும் யமசாக்கியும் கவனித்த இந்தச் சமச்சீருக்கு டி-இருமை என்று பெயர். புள்ளித் துகளால் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்க முடியாது என்பதால் இந்த வித்தை இழைக்கு மட்டுமே உரியது.

1989-இல் பிராண்டன்பெர்கரும் கும்ருன் வாஃபாவும் இதை வைத்து, நாம் ஏன் மூன்று வெளிப் பரிமாணங்களில் வாழ்கிறோம் என்பதற்கே விளக்கம் சொன்னார்கள். சுற்றிக்கிடக்கும் இழைகள் வெளி விரிவதைத் தடுத்து இறுக்கிப் பிடிக்கும்; மூன்று பரிமாணங்களில்தான் அவை ஒன்றோடொன்று முட்டி அவிழ வாய்ப்பு அதிகம்; அவிழ்ந்த திசைகள் மட்டும் பெரிதாயின. அழகான வாதம். நம்பிவிட எனக்குத் தயக்கம் உண்டு.

தூரமே நிறை

டி-பிரேன்கள் என்பவை இழையின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் தளங்கள். 1995-இல் ஜோசப் போல்சின்ஸ்கி இவற்றின் முக்கியத்துவத்தைக் காட்டினார். இரண்டு தளங்களுக்கு நடுவே விறைப்பாக நிற்கும் இழை, துகளாகப் பார்த்தால், தளங்களின் இடைவெளிக்கு ஏற்ற நிறை கொண்டிருக்கும். தளங்களை நெருக்கினால் நிறை குறையும். ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் நிறை பூஜ்யமாகி, ஒளித்துகளைப் போன்ற புது விசைத்துகள்கள் பிறக்கும். டபிள்யூ போசானுக்கு நிறை வந்த கதையை இப்படி இரண்டு தளங்களின் விலகலாக வரைந்து காட்டும் மாதிரிகள் உண்டு.

இழை கருந்துளையாகும் தருணம்

கருந்துளைக்கும் நீளம் ஆற்றலோடு நேர்விகிதம். சூரியனைக் கருந்துளையாக்கினால் ஆரம் 3 கிலோமீட்டர். பூமியை ஆக்கினால் 9 மில்லிமீட்டர். கருந்துளை ஆவியாகிச் சிறுத்துக்கொண்டே வந்து இழை நீளத்தை எட்டினால் என்ன ஆகும்? 1993-இல் சஸ்கிண்ட் ஒரு விடையை முன்வைத்தார்: அது நீண்டு சுருண்ட ஒற்றை இழையாக மாறிவிடும். 1996-இல் ஹொரோவிட்ஸும் போல்சின்ஸ்கியும் அதைப் பல வகைக் கருந்துளைகளுக்குச் சரிபார்த்தார்கள். கருந்துளையின் ஒழுங்கின்மை நிறையின் வர்க்கத்தோடு ஏறும். இழையின் ஒழுங்கின்மை நிறையோடு மட்டும் ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம், கருந்துளையின் ஆரம் இழை நீளத்துக்குச் சமமாகும் அதே இடம்.

நீளம் கூடினால் ஆற்றல் வளராத இழை

வெளி என்பதே வளைந்திருந்தால் நேர்விகிதமும் வளையும். 1997-இல் ஹுவான் மால்டசெனா முன்வைத்த வளைந்த உலகில், எல்லையில் இரு முனைகளைப் பொருத்திய இழை உள்ளே தொய்ந்து இறங்குகிறது. உள்ளே போகப் போக, ஒரே நீள இழைக்கு வெளியிலிருந்து கணக்கிடும் ஆற்றல் குறைவு. முனைகளை விலக்கினால் இழை இன்னும் ஆழத்துக்குப் போய்விடுவதால், முனைகளுக்கிடையிலான ஈர்ப்பாற்றல் தூரத்துக்குத் தலைகீழாகவே மாறுகிறது, இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ளதுபோல. இழுவிசை மாறவில்லை; அளக்கும் கடிகாரம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே ஓர் இழை?

பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உருவான சில இழைகள், வெளி விரிந்தபோது அதோடு சேர்ந்து நீண்டு இன்று வானளாவிக் கிடக்கலாம் என்று 2004-இல் கோப்லாண்ட், மயர்ஸ், போல்சின்ஸ்கி எழுதினார்கள். மெலியாத இழை என்பதால் நீண்டாலும் மீட்டருக்கான நிறை குறையாது. இழுவிசை பிளாங்க் அளவில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வைத்தால்கூட, ஒரு கிலோமீட்டர் இழை நிலவைவிடக் கனம்.

அப்படி ஓர் இழை நமக்கும் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்துக்கும் நடுவே வந்தால், ஒரே மண்டலம் அச்சு அசலாக இரண்டாகத் தெரியும். 2003-இல் நேப்பிள்ஸின் கப்போடிமோந்தே வானாய்வகப் படங்களில் ரஷ்ய–இத்தாலியக் குழு ஒன்று அதேபோன்ற இரட்டையைக் கண்டது. துறையே பரபரத்தது. 2006 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி கூர்ந்து பார்த்தபோது, அவை அருகருகே இருக்கும் இரு வேறு நீள்வட்ட மண்டலங்கள் என்று தெரிந்தது.

தேடல் இப்போது துடிப்பு விண்மீன்களுக்கு மாறியிருக்கிறது. வானளாவிய இழைகள் துடித்து ஆற்றலை ஈர்ப்பலைகளாக இழந்து சுருங்க வேண்டும். அந்த அலைகள் துடிப்பு விண்மீன்களின் நேரந்தவறாத துடிப்பைச் சற்றே கலைக்கும். 2023 ஜூனில் அமெரிக்க, ஐரோப்பிய, சீன, ஆஸ்திரேலியக் குழுக்கள் அத்தகைய பின்னணி அலைகளுக்கான சான்றை வெளியிட்டன. ஐரோப்பியருடன் சேர்ந்து வேலை செய்த இந்தியக் குழு பயன்படுத்தியது, புனே அருகே கோடத் கிராமத்திலுள்ள ராட்சத மீட்டரலைத் தொலைநோக்கியை. பெருங்கருந்துளை இணைகளே அந்த அலைகளுக்குக் காரணம் என்பதுதான் பெரும்பாலோரின் கருத்து. மாற்று விளக்கங்களின் பட்டியலில் அண்ட இழையும் இருக்கிறது.